முட்டி மாற்று ஆபரேஷனுக்குப் பிறகு: உட்கார, எழ, படியேற முட்டியைப் பழக்குவது எப்படி?

அம்மாவுக்கு வலது முட்டியில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்தோம். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நாங்கள் திணறியதெல்லாம் வீட்டுக்கு வந்த பிறகுதான். மருத்துவமனையில் கொடுத்தனுப்பிய தாளில் "தினமும் உடற்பயிற்சி செய்யவும்" என்று ஒரே ஒரு வரி. எந்தப் பயிற்சி, எத்தனை வேளை, முட்டி எவ்வளவு மடங்கினால் போதும், இந்தியன் கழிவறை இருக்கும் வீட்டில் என்ன செய்வது, ஆட்டோவில் எப்படி ஏறுவது, எதுவும் அதில் இல்லை. பிசியோதெரபிஸ்ட், டாக்டர், ஏற்கெனவே இதைச் செய்துகொண்ட உறவுக்காரர்கள் என்று ஆளாளாகக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டோம். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

டாக்டர் புது மூட்டைப் பொருத்தித் தருவார். அது எவ்வளவு மடங்கும், எவ்வளவு நீளும் என்பதில் முதல் மூன்று மாதத்தில் நீங்கள் செய்யும் வேலைக்கும் பெரிய பங்கு உண்டு. அதற்குள் பழக்காவிட்டால் உள்ளே தழும்பு இறுகிவிடும், பிறகு ஒவ்வொரு டிகிரிக்கும் போராட வேண்டியிருக்கும்.

இங்கே சொல்வதெல்லாம் முதல் முறையாக முழு முட்டியையும் மாற்றிக்கொள்பவர்களுக்கானது. ஏற்கெனவே மாற்றிய மூட்டை மறுபடி மாற்றுபவர்களுக்கும், எலும்பு முறிவும் சேர்ந்து இருப்பவர்களுக்கும் விதிகள் வேறு. உங்கள் டாக்டர் இதற்கு மாறாக ஏதாவது சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள்.

1. ஆபரேஷனுக்கு முன்பே டிகிரிக் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள்

கால் நேராக நீண்டிருந்தால் 0 டிகிரி. நாற்காலியில் பாதம் தரையில் பதிய, கீழ்க்கால் செங்குத்தாக நிற்க உட்கார்ந்தால் 90. அன்றாட வேலைகளுக்கு ஏறத்தாழ இவ்வளவு தேவைப்படும்:

சமதரையில் நடக்க 60 முதல் 70. படி ஏற 80 முதல் 90. படி இறங்க 90 முதல் 100. சாதாரண உயர நாற்காலியிலிருந்து எழ 90க்குச் சற்று மேல், தாழ்வான சோபா என்றால் 105க்கு மேல். குனிந்து செருப்பு வாரை மாட்ட 105 முதல் 110. சம்மணம் போட, குத்துக்காலிட, இந்தியன் கழிவறையில் உட்கார 130ம் அதற்கு மேலும்.

மூட்டு மாற்றியவர்களில் பெரும்பாலோருக்குக் கடைசியில் கிடைப்பது 110 முதல் 120 வரை. அதாவது நடை, படி, நாற்காலி, கார் எல்லாம் தாராளமாக முடியும். தரையில் உட்காருவது எல்லோருக்கும் கிடைக்காது. ஆபரேஷனுக்கு முன் முட்டி எவ்வளவு மடங்கியது என்பதுதான் பின்னால் எவ்வளவு மடங்கும் என்பதைப் பெரிதும் தீர்மானிக்கிறது. முன்பு 80 டிகிரிதான் மடங்கிய முட்டி, பின்னால் 130 மடங்கும் என்று யாராவது உறுதி கொடுத்தால் நம்பாதீர்கள். ஆபரேஷனுக்கு முன் டாக்டரிடமோ பிசியோவிடமோ அளக்கச் சொல்லி, மடக்கம், நீட்டம் இரண்டையும் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பின்னால் எல்லாவற்றையும் அதோடுதான் ஒப்பிட வேண்டும்.

"ஹை ஃபிளெக்ஸ் (கூடுதலாக மடங்கும்படி வடிவமைத்த செயற்கை மூட்டு) போட்டால் சம்மணம் போடலாம்" என்ற பேச்சு உங்கள் காதுக்கும் வரும். சாதாரண மூட்டையும் ஹை ஃபிளெக்ஸ் மூட்டையும் ஒப்பிட்ட ஆய்வுகளில், நோயாளிக்குத் தெரியும் அளவுக்குப் பெரிய வித்தியாசம் வரவில்லை. அதற்காகக் கடன் வாங்காதீர்கள்.

2. காகிதங்களும் பணமும்

குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கு முயற்சி செய்யுங்கள். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. ரேஷன் கார்டு, ஆதார், கிராம நிர்வாக அலுவலர் தரும் வருமானச் சான்று மூன்றையும் எடுத்துக்கொண்டு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள பதிவு மையத்துக்குப் போக வேண்டும். கார்டு கையில் இருந்தால் மட்டும் போதாது. நீங்கள் போகும் மருத்துவமனை இந்த ஆபரேஷனுக்குத் திட்டத்தில் இருக்கிறதா என்று அங்குள்ள காப்பீட்டுக் கவுன்டரில் கேளுங்கள். முன் அனுமதி வந்த பிறகுதான் ஆபரேஷன் தேதி. தேதியைக் குறித்துவிட்டு அனுமதிக்கு ஓடினால் கைக்காசு போகும்.

தனியார் பாலிசி வைத்திருந்தால் "காத்திருப்புக் காலம்" என்ற பகுதியை முதலில் படியுங்கள். பல பாலிசிகளில் மூட்டு மாற்றுக்கு முதல் இரண்டு ஆண்டு பணம் கிடையாது. டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய செலவு எத்தனை நாள் வரை கிடைக்கும் என்பதையும் பாருங்கள். பிசியோதெரபிக் கட்டணத்தைத் திரும்பப் பெற முடிந்தால், டாக்டரின் பரிந்துரைச் சீட்டும் ஒவ்வொரு முறைக்கும் தேதி போட்ட ரசீதும் வேண்டும். ரசீது வாங்காமல் பணம் கொடுத்துவிட்டு மாதக் கடைசியில் மொத்தமாக ரசீது கேட்பது சிக்கலில்தான் முடியும்.

தனியாரில் சொந்தக் காசில் செய்தால், ஒரு முட்டிக்கு ஊரையும் மருத்துவமனையையும் பொறுத்து ஒன்றரை லட்சத்திலிருந்து மூன்று லட்சத்துக்கு மேலும் ஆகலாம். செயற்கை மூட்டுக்கு மட்டும் மத்திய அரசு 2017 ஆகஸ்டில் விலை உச்சவரம்பு கொண்டுவந்தது. பரவலாகப் பயன்படும் கோபால்ட் குரோமியம் மூட்டுக்கு 54,720 ரூபாய், ஹை ஃபிளெக்ஸுக்கு 56,490, டைட்டானியத்துக்கு 76,600. ஜிஎஸ்டி தனி. அந்தத் தொகைகள் பிறகு திருத்தப்பட்டிருப்பதால் நடப்பு விலையைக் கேட்டுக்கொள்ளுங்கள். சாதாரணத்துக்கும் ஹை ஃபிளெக்ஸுக்கும் அந்த உச்சவரம்பில் இரண்டாயிரம்கூட வித்தியாசம் இருக்கவில்லை, கவனித்தீர்களா? யாராவது அதற்கு அரை லட்சம் கூடுதலாகக் கேட்டால் எதற்கு என்று விளக்கம் கேளுங்கள். பில்லில் மூட்டின் விலை, தயாரிப்பாளர் பெயர், பேட்ச் எண் தனியாக வர வேண்டும்.

டிஸ்சார்ஜ் அன்று கிளம்பும் அவசரத்தில் விட்டுவிடக் கூடாதவை: டிஸ்சார்ஜ் சம்மரி, பொருத்திய மூட்டின் ஸ்டிக்கர் ஒட்டிய தாள், ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் எடுத்த எக்ஸ்ரே, ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மருந்தை எந்தத் தேதி வரை எடுக்க வேண்டும் என்ற குறிப்பு, தையல் பிரிக்கும் தேதி, அன்று முட்டி எத்தனை டிகிரி மடங்குகிறது என்ற அளவு. பயிற்சிப் பட்டியலை எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் பிசியோவைச் செய்துகாட்டச் சொல்லி போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு அந்த வீடியோதான் பல நாள் கைகொடுத்தது.

பிசியோ வீட்டுக்கு வர ஒரு முறைக்கு நகரங்களில் 500 முதல் 1000 ரூபாய் வரை கேட்கிறார்கள். அது கட்டுப்படியாகாதவர்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' பற்றிக் கேளுங்கள். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய அந்தத் திட்டத்தில், தேவைப்படுவோருக்கு வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருவதும் ஒரு பகுதி.

3. ஆபரேஷனுக்கு ஒரு வாரம் முன்பே வீட்டைத் தயார் செய்யுங்கள்

நோயாளியை வாசலில் இறக்கிய பிறகு பிளம்பரைத் தேடுவது கொடுமை. முதலில் கழிவறை. வெஸ்டர்ன் இருந்தாலும் பல வீடுகளில் அது தாழ்வாக இருக்கும். மேலே வைக்கும் நான்கு அங்குல உயர்த்தி சர்ஜிக்கல் கடைகளில் கிடைக்கிறது. இந்தியன் கழிவறை மட்டும் இருக்கும் வாடகை வீடு என்றால், நடுவில் துளை உள்ள கமோட் நாற்காலியை அதன் மேல் வைத்துக்கொள்ளலாம். தரமானது 2000 ரூபாய்க்கு முன்பின் ஆகும். வாங்கும்போது நான்கு கால்களிலும் ரப்பர் புஷ் இருக்கிறதா, கால் உயரத்தைக் கூட்டிக் குறைக்க முடிகிறதா என்று பாருங்கள். ஈரத் தரையில் பிளாஸ்டிக் நாற்காலியின் நடுவே ஓட்டை போட்டு வைப்பதைச் சில வீடுகளில் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். எழும்போது பின்னால் சரிந்தால் புது மூட்டோடு தொடை எலும்பும் போய்விடும்.

கமோட் பக்கத்திலும் குளிக்கும் இடத்திலும் சுவரில் கைப்பிடி அடிக்கச் சொல்லுங்கள். துண்டு போடும் கம்பி ஆள் பாரத்தைத் தாங்காது. நாற்காலி கைப்பிடி உள்ளதாகவும், உட்காரும் பலகை தரையிலிருந்து 45 முதல் 50 சென்டிமீட்டர் உயரத்திலும் இருக்கட்டும். கட்டிலும் அதே உயரம். கால்மிதி, தரையில் ஓடும் வயர், வழியில் கிடக்கும் பேரப்பிள்ளைகளின் பொம்மை எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். தினமும் எடுக்கும் பாத்திரம், மருந்து, போன் சார்ஜர் இடுப்பு உயரத்துக்கு வரட்டும். வாக்கர் நுழையும் அளவுக்குக் குளியலறைக் கதவு அகலமா என்று டேப் வைத்து அளந்துவிடுங்கள்.

4. முதல் இரண்டு வாரம்: மடக்குவதைவிட நீட்டுவது முக்கியம்

வருகிறவர்கள் எல்லோரும் "எவ்வளவு மடங்குது?" என்றுதான் கேட்பார்கள். கால் முழுக்க நீள்கிறதா என்று யாரும் கேட்க மாட்டார்கள். முட்டி பத்து டிகிரி வளைந்தே நின்றுவிட்டால் நடை நொண்டும், தொடைத் தசை சீக்கிரம் சோர்ந்துவிடும், இடுப்பும் வலிக்கும்.

இதைக் கெடுப்பது முட்டிக்கு அடியில் வைக்கும் தலையணை. வலிக்கு அது சுகமாகத்தான் இருக்கும். அம்மா அசந்து தூங்கும்போது பாசத்தில் யாராவது ஒருவர் வந்து சொருகிவிட்டுப் போவார். வீட்டில் எல்லோரிடமும் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள். காலை உயர்த்த வேண்டுமானால் குதிகாலுக்கு அடியில் மட்டும் சுருட்டிய துண்டை வையுங்கள். முட்டிக்குக் கீழே காற்று போக வேண்டும். அந்த நிலையில் தொடையை இறுக்கி முட்டியைக் கட்டிலை நோக்கி அழுத்தி ஐந்து எண்ணுங்கள், விடுங்கள். பத்து முறை, ஒரு நாளைக்கு நான்கைந்து வேளை.

அதோடு பாதத்தை மேலும் கீழும் அசைப்பது. குதிகாலைப் படுக்கையில் தேய்த்தபடியே பின்னால் இழுத்து முட்டியை மடக்குவது. காலை நேராக ஒரு சாண் தூக்கி இறக்குவது. வலி மாத்திரை போட்ட அரை மணி, முக்கால் மணி கழித்துச் செய்தால் பாதி வலி குறையும். முடித்ததும் துணியில் சுற்றிய ஐஸ் பை 15 முதல் 20 நிமிடம். வெந்நீர் ஒத்தடம் இப்போது கூடாது, வீக்கம் கூடும்.

இந்த நாட்களில் அதிகம் நடப்பதும் தவறு. "நடந்தாத்தான் சரியாகும்" என்று தெருமுனை வரை போய் வந்தால் மாலைக்குள் முட்டி வீங்கும். வீங்கிய முட்டி மடங்காது. வீட்டுக்குள் வாக்கரோடு ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை சில நிமிடம் நடப்பது போதும். தையலோ கிளிப்போ பெரும்பாலும் 10 முதல் 14 நாளுக்குள் பிரிப்பார்கள். அதுவரை காயம் நனையக் கூடாது.

உடனே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டிய அறிகுறிகள்: கெண்டைக்காலில் புதிதாக வலியும் வீக்கமும், மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், காயத்திலிருந்து நீரோ சீழோ வடிவது. கெண்டைக்கால் வலிக்கிறது என்று எண்ணெய் போட்டு நீவிவிடாதீர்கள். ரத்தக்கட்டி இருந்தால் அது நுரையீரலுக்குப் போய்விடும் ஆபத்து உண்டு.

5. இரண்டாவது வாரத்திலிருந்து ஆறாவது வாரம் வரை: மடக்கம்

இரண்டு வாரம் முடியும்போது 90 டிகிரி, ஆறு வாரத்தில் 110க்குப் பக்கம். இதுதான் பொதுவான இலக்கு. ஐந்து பத்து குறைந்தால் பயப்பட வேண்டாம், வாரா வாரம் கூடுகிறதா என்பதைப் பாருங்கள்.

எங்களுக்கு மிகவும் உதவியது நாற்காலிப் பயிற்சி. கைப்பிடி நாற்காலியில் உட்கார்ந்து, ஆபரேஷன் ஆன பாதத்தை முடிந்தவரை பின்னால் இழுக்க வேண்டும். பாதத்தை அங்கேயே ஊன்றிவிட்டு, இடுப்பை மெதுவாக முன்னால் நகர்த்த வேண்டும். முட்டி தானாக இன்னும் கொஞ்சம் மடங்கும். இருபது முப்பது விநாடி அப்படியே இருந்து பின்னால் நகர வேண்டும். அம்மாவுக்கு மொசைக் தரையின் ஒரு கோட்டில் சாக்பீஸால் குறி போட்டுக் கொடுத்தேன். பெருவிரல் நேற்றைய குறியைத் தாண்டினால் அன்றைக்கு முகமே வேறு மாதிரி இருக்கும். கருவி எதுவும் தேவையில்லை, சாக்பீஸ் போதும்.

இழுக்கிறது, இறுக்குகிறது என்றால் தாங்கிக்கொண்டு செய்யலாம். குத்துகிறது, மறுநாள் காலை வரை வீக்கம் வடியவில்லை என்றால் அன்று செய்த அளவு அதிகம். அடுத்த நாள் பாதியாகக் குறையுங்கள், நிறுத்திவிடாதீர்கள். "ஒரே அழுத்தில் மடக்கிக் காட்டுகிறேன்" என்று வரும் கட்டுவைத்தியரிடம் காலைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

முட்டி பல மாதம் சூடாக இருக்கும். தழும்பின் வெளிப்பக்கம் கொஞ்சம் இடம் மரத்திருக்கும். மடக்கும்போது 'டக்' என்று சத்தம் கேட்கும், உலோகமும் பிளாஸ்டிக்கும் தொடும் சத்தம் அது. வலி இல்லாத வரை இவை பயப்பட வேண்டியவை அல்ல.

6. அன்றாட வேலைகளில் முட்டியைப் பயன்படுத்துவது

உட்காருவது, எழுவது: நாற்காலியின் விளிம்பு இரண்டு கால்களின் பின்புறமும் படும்வரை பின்னால் வாருங்கள். கைகளால் கைப்பிடியைப் பிடியுங்கள், வாக்கரைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்தால் அது கவிழும். ஆபரேஷன் காலைச் சற்று முன்னால் நீட்டிவிட்டு மெதுவாக இறங்குங்கள். எழுவதும் அப்படியே. நான்காவது ஐந்தாவது வாரத்திலிருந்து அந்தக் காலையும் நல்ல காலுக்குச் சமமாகப் பின்னால் கொண்டுவந்து, இரண்டிலும் பாரம் போட்டு எழப் பழகுங்கள். இந்த மாற்றத்தைப் பலர் செய்வதே இல்லை. நல்ல காலையே நம்பி எழுந்து எழுந்து, ஆபரேஷன் ஆன தொடை மெலிந்துபோகிறது. அரை மணி, முக்கால் மணிக்கு மேல் தொடர்ந்து உட்காரவும் கூடாது. டிவி பார்த்தாலும் விளம்பர இடைவேளையில் எழுந்து நிற்கட்டும்.

படி: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில். ஒரு கையில் கட்டாயம் கைப்பிடிச் சுவர் அல்லது கம்பி. ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்துவிட்டுத்தான் அடுத்த படி. மாறி மாறிக் கால் வைத்து ஏறுவது, தொடைக்கு வலு வந்த பிறகு பிசியோ சொல்லும்போது. வாக்கர் போய்த் தடிக்கு மாறும்போது, தடி நல்ல கால் பக்கத்துக் கையில் இருக்க வேண்டும். வலிக்கிற பக்கமே பிடிக்கத்தான் கை போகும், கூட இருப்பவர்கள் திருத்துங்கள்.

திரும்புவது: சமையலறையில் அடுப்பிலிருந்து சிங்க்குக்குத் திரும்பும்போது பாதத்தை ஊன்றியபடி உடம்பை மட்டும் முறுக்கக் கூடாது. இரண்டு மூன்று சின்ன எட்டு வைத்துத் திரும்ப வேண்டும். காய் நறுக்குவது மேஜையில். அரிவாள்மணையைப் பரணில் போட்டுவிடுங்கள், கண்ணில் பட்டால் கை அதற்குத்தான் போகும்.

கீழே விழுந்ததை எடுப்பது: ஒரு கையால் மேஜையைப் பிடித்து, ஆபரேஷன் காலைப் பின்னால் சறுக்கிவிட்டு, நல்ல முட்டியை மடக்கிக் குனியுங்கள்.

ஆட்டோ, கார்: காரில் முன் இருக்கையை முழுக்கப் பின்னால் தள்ளி, சாய்வைக் கொஞ்சம் சரித்துவிட்டு, முதலில் முதுகைக் காட்டி உட்கார்ந்து, பிறகு இரண்டு காலையும் ஒன்றாக உள்ளே திருப்ப வேண்டும். ஆட்டோ முதல் ஆறு வாரத்துக்குச் சிரமம்: படி உயரம், கால் நீட்ட இடமும் இல்லை. வேறு வழியில்லை என்றால் கம்பியைப் பிடித்து நல்ல காலால் ஏறி, குறுக்காகச் சாய்ந்து காலை நீட்டி உட்காருங்கள். டிரைவரிடம் முன்பே சொல்லிவிட்டால் மேடான இடமாகப் பார்த்து நிறுத்துவார்கள். டவுன் பஸ்ஸில் இப்போது போக வேண்டாம்.

கோலம், பூஜை: குத்துக்காலிட்டுக் கோலம் போடுவதை மறந்துவிடச் சொல்வது அம்மாக்களுக்குப் பெரிய இழப்பு, அது எனக்குத் தெரியும். விளக்கை இடுப்பு உயர அலமாரிக்கு மாற்றிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து பூஜை செய்யலாம். கோயிலில் விழுந்து கும்பிடுவதற்குப் பதில் நின்று கும்பிடலாம். தொழுகைக்கு நாற்காலி, தேவாலயத்தில் முழங்காலிடாமல் அமர்ந்தே ஜெபம். கல்யாணப் பந்தியில் மேஜையைக் கேட்டு வாங்குங்கள், கூச்சப்படாதீர்கள்.

7. முட்டி மடங்காமல் நின்றுவிட்டால்

ஆறு வாரம் தாண்டியும் 90 டிகிரிக்குக் கீழேயே இருந்து, இரண்டு வாரமாக ஒரு டிகிரிகூடக் கூடவில்லை என்றால் அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் டாக்டரைப் பாருங்கள். மயக்கம் கொடுத்து முட்டியை மடக்கிவிடும் முறை ஒன்று இருக்கிறது, வெட்டுக்காயம் கிடையாது. அது மூன்று மாதத்துக்குள் செய்தால்தான் நல்ல பலன் தரும். "போகப் போகச் சரியாகும்" என்று ஆறு மாதம் ஓட்டிவிட்டுப் போனால் அந்த வழி ஏறக்குறைய அடைபட்டுவிடும். நோட்டில் வாரா வாரம் எழுதிய அளவைக் காட்டுங்கள், டாக்டர் சீக்கிரம் முடிவெடுக்க அது உதவும்.

8. மூன்று மாதத்துக்குப் பிறகு

கார் ஓட்டுவது பெரும்பாலும் ஆறு வாரத்துக்குப் பிறகு, வலது முட்டி என்றால் பிரேக்கைச் சட்டென்று அழுத்த முடிகிறதா என்று நிறுத்தி வைத்த வண்டியில் பார்த்துவிட்டுத்தான். ஸ்கூட்டருக்கு இன்னும் கூடுதல் காலம் வேண்டும், காலை ஊன்றி வண்டியின் பாரத்தைத் தாங்க வேண்டுமே. கிக் ஸ்டார்ட் வேண்டவே வேண்டாம்.

முழங்காலிடுவது பலருக்கு அசௌகரியமாக இருக்கும். டாக்டர் அனுமதித்தால் மெத்தை மேல் பழகலாம். தரையில் விழுந்தால் எழும் முறையைப் பிசியோவிடம் ஒரு முறையாவது செய்து பார்த்துக்கொள்ளுங்கள். தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு இது மிக அவசியம்.

பல் பிடுங்கவோ வேறு ஆபரேஷனுக்கோ போனால், முட்டி மாற்றியிருப்பதை முதலிலேயே சொல்லுங்கள். விமான நிலையத்தில் மெட்டல் டிடெக்டர் ஒலிக்கலாம். டிஸ்சார்ஜ் சம்மரியின் நகலைப் பையில் வைத்துக்கொண்டு, வரிசையில் நிற்கும்போதே காவலரிடம் சொல்லிவிடுங்கள்.

செக்கப் பொதுவாக ஆறு வாரம், மூன்று மாதம், ஒரு வருடம் என்று இருக்கும். வலியே இல்லாவிட்டாலும் ஒரு வருட எக்ஸ்ரேயைத் தவறவிடாதீர்கள். போகும்போது ஆபரேஷன் முடிந்ததும் எடுத்த பழைய எக்ஸ்ரேயையும் கொண்டுபோங்கள், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் மூட்டு அசைந்திருக்கிறதா என்று டாக்டர் சொல்வார்.